நெஞ்சுயரம்

நிலத்திலிருந்து ஒரு மீற்றர் முப்பது.
அதற்கு நெஞ்சுயரம் என்று பெயர்.
யாருடைய நெஞ்சென்று கைநூலில் இல்லை.
எனக்கு அது கழுத்துக்கு வருகிறது.
மடுத்தீனுக்கு, சட்டையின் மூன்றாம் பொத்தானுக்கு.

மாங்குளத்தில் இருந்து ஒட்டுசுட்டான் போகும் வழியில்
எண்பத்துநாலில் நட்ட யூக்கலிப்டஸ்.
நட்டவர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.
வெட்ட வேண்டியவர்கள்
இருபத்தைந்து வருசம் வரவில்லை.
வந்தவர்கள் வேறு வேலையாய் வந்தார்கள்.

நாடாவைச் சுற்றுகிறேன்:
தொண்ணூற்றாறு. நூற்றுப்பதினொன்று. எழுபது.
சுற்றளவு கொடுத்தால் கொழும்பில் ஒரு கணினி
எடையைச் சொல்லிவிடும்.
எடையில் பாதி காபன்
என்கிறா சுபோதினி மிஸ்.
காற்றிலிருந்த புகைதான்
இப்படிக் கட்டையாய் நிற்கிறதாம்.
எந்த வருசத்துப் புகை என்று கேட்க வாயெடுத்தேன்.
மிஸ் பற்றறி மாற்றிக்கொண்டிருந்தா.

சங்கத்தில் இரண்டு கணக்கு ஓடுகிறது.
வெட்டினால் ஒரேதரம் காசு, கை நிறைய.
நிற்கவிட்டால் வருசா வருசம் காசு,
பிள்ளைகளின் கொப்பிக்கும் சப்பாத்துக்கும் காணும்.
வரவு புத்தகத்தில் தலைவர் இரண்டு பத்தி கீறிவைத்திருக்கிறார்.
தண்ணிக்குப் பத்தி இல்லை.

போன மாசம் செபமாலையின் மில்லில்
வாளின் பல் தெறித்தது.
மரத்துக்குள் சன்னம்.
அதற்குப் பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள்.

இந்தக் கருவி எனக்குப் பழக்கம்.
முகமாலையில் ஏழு வருசம்
முழங்காலில் நின்று நிலத்துக்குக் காட்டியது.
இப்போது நின்றபடி பட்டைக்குக் காட்டுகிறேன்.
வருசா வருசம் தோலுரிக்கிற மரம் இது,
வெளியில் ஒரு தழும்பும் இராது,
குளித்துவிட்டு வந்ததுபோல் நிற்கும்.
கருவியை வைத்தால் கத்தும்.

கத்தினால் சிவப்பு. கத்தாவிட்டால் வெள்ளை.
அங்கேயும் இதே இரண்டு நிறம்தான்.
அங்கே சிவப்பென்றால் கால் வைக்காதே,
இங்கே சிவப்பென்றால் வாள் வைக்காதே.

தோளில் மாட்டும்போது
இடது பக்கமாய்ப் போனால் அது ஒருதரம் முனகும்.
"உனக்கும் சிவப்பு அடிக்கட்டோ?" என்பான் மடுத்தீன்.
அடி, என்பேன்.
வெட்டமாட்டார்கள் அல்லவா.

நானூற்றுப் பன்னிரண்டில் நூற்று முப்பத்தேழு சிவப்பு.
செபமாலை விறகு விலைதான் சொன்னார்,
அதுவும் நாங்களே ஏற்றிக் கொடுக்கவேணும்.
சுபோதினி மிஸ்ஸுக்குச் சந்தோசம்.
"இனி இதை ஒருத்தரும் தொடமாட்டினம்,
இதுதான் நம்பிக்கையான காபன்."
சுட்டவனுக்கு இது தெரியாது.
அவன் இலக்குத் தவறிய நூற்று முப்பத்தேழு இடத்தில்
சங்கத்துக்கு வருமானம்.

இரும்பின் எடை கணக்கில் வருமோ என்றேன்.
வராதாம்.
கணினி அதையும் மரமென்றே எண்ணிக்கொள்ளும்.
நான் திருத்தப் போகவில்லை.

கடைசி வரிசை தெய்வேந்திரத்தின் வேலியோரம்.
வேலிக்கு அந்தப்பக்கம் அவரது கச்சான்,
இலை சுருண்டு, முழங்கால் உயரமும் வராமல்.
மரம் கத்தியது.
"வெள்ளை அடிச்சு விடு பிள்ளை," என்றார்,
"உது என்ர தண்ணியைத்தான் குடிக்குது."
கருவி கத்துது அண்ணை, என்றேன்.
"என்ர கிணறும் கத்துது.
அதுக்கு வைக்க உன்னட்டை ஏதும் இருக்கோ?"

மடுத்தீன் பெயின்ற் ரின்னைக் கிண்டிக்கொண்டிருந்தான்,
தேவையில்லாமல், வெகுநேரம்.

சிவப்பு அடித்தேன்.
கொஞ்சம் வழிந்து விரலில் பட்டது.
மண்ணில் துடைத்தேன். மண் பிடிக்கவில்லை,
அவ்வளவு காய்ந்திருந்தது.

அவர் வேலிக்கம்பியைப் பிடித்தபடி நின்றார்.
நாடாவை இழுத்து
அடுத்த மரத்தைச் சுற்றினேன்.
எண்பத்தெட்டு சென்ரிமீற்றர்.
சத்தமாய்ச் சொன்னேன், மடுத்தீன் எழுத.